அக்கா கழற்றிய காலுறை

முருகன் துணை.

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. அக்காவின் முதலாண்டு நினைவு மலரிலும் நான்தான் எழுதினேன். தைப்பூசத்தன்று பழனி மலைப் படியிலேயே முருகன் திருவடி சேர்ந்த புண்ணியவதி என்று எழுதினேன். வாங்கியவர்கள் மலரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் கடைக்கு வருகிறவர்கள்கூட, "உங்க அக்காவா அது?" என்று கேட்டு என்னைக் கும்பிட்டார்கள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். நடந்தது அப்படியல்ல என்று ஒவ்வொரு வருஷமும் எழுத உட்காருவேன். வெட்கம் கையைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஐந்தாம் ஆண்டு மலரில் சொல்லிவிடுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கன்னிவாடியில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், எனக்குச் சோறு ஊட்டித் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். நான் எட்டாவதோடு நின்றபோது என்னைவிட அதிகம் அழுததும் அக்காதான். கல்யாணமாகிக் கொடைக்கானல் அட்டுவம்பட்டிக்குப் போனார். மகள் செல்வி கைக்குழந்தையாக இருக்கும்போதே மச்சான் தவறிவிட்டார். அதன்பிறகு ஒரு பள்ளிக்கூட விடுதியின் சமையலறையில் சப்பாத்திக் கல்லுக்கு முன்னால் நின்றே செல்வியை ஆளாக்கினார். வெளியே பனி கொட்டும். உள்ளே அக்கா வேர்த்துப்போய் நிற்பார். உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை அது. சஷ்டி விரதம் தவறியதில்லை. ஒவ்வொரு பூசத்துக்கும் மாலை போட்டு, மலைப்பாதையில் நடந்தே பழனிக்கு இறங்கி வருவார்.

நின்று நின்று அக்காவின் இடது காலில் நரம்பு பச்சை பச்சையாகப் புடைத்துச் சுருண்டது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிப்பெடுத்தது. சேலையை இழுத்து மூடிக்கொள்வார். நான் கேட்டால் சிரிப்பார்.

"நம்ம வத்தலக்குண்டு ரோடுதாண்டா இது. எத்தன கொண்ட ஊசி வளைவுன்னு எண்ணிச் சொல்லு பாப்போம்."

செல்விதான் வற்புறுத்தி மதுரைக்கு அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். ரத்தம் காலிலிருந்து மேலே ஏறியதும் திரும்பக் கீழே இறங்காமல் தடுக்க ரத்தக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம். அவை பழுதாகிவிட்டனவாம்.

"கதவு மாத்த ஆசாரி வருவாரா டாக்டர்?" என்று அக்கா கேட்க, டாக்டரே சிரித்துவிட்டார்.

பிறகு வழிகளைச் சொன்னார். இறுக்கமான காலுறையைக் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்னே போட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வில் காலை உயர்த்தி வைக்க வேண்டும். இது வீக்கத்தைத் தாங்கும், குணமாக்காது. சின்ன நரம்புகளுக்கு ஊசியில் மருந்து ஏற்றி மூடலாம். பெரியதை லேசர் சூட்டால் உள்ளிருந்தே மூடலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். கீறி எடுக்கிற பழைய ஆபரேஷனும் உண்டு. அக்காவுக்கு லேசர்தான் தோது என்றார். கடைசியாக இன்னொன்றும் சொன்னார்: "தோல் மெலிஞ்சு போயிருக்கு. அடிபட்டா ரத்தம் பீச்சும். உடனே படுத்துக் காலைத் தூக்கிக்கிட்டு, அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கணும்."

நானும் அங்கேதான் இருந்தேன். தலையாட்டினேன்.

அக்கா பயப்படவில்லை. விடுதியில் லீவுகூடச் சொல்லிவிட்டார். டாக்டர் கொடுத்த தேதி பூசத்துக்கு முன்னால் வந்தது. தடுத்தது நான்.

"மாலை போட்ட ஒடம்புல ஊசியும் சூடும் படலாமாக்கா? பூசம் முடியட்டும்."

"மாமா, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாள் செல்வி.

"நீ சும்மா இரு தாயி. ஒனக்கு என்ன தெரியும்?"

அக்கா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிடா, தம்பி சொல்றபடியே இருக்கட்டும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் காலுறை போட்டுக்கொண்டு நடந்ததில் கால் கனக்கவே இல்லை என்று அக்காவுக்குச் சந்தோஷம். அடிவாரம் வந்ததும், கூட வந்த நான் மறுபடி வாய் திறந்தேன்.

"மலையில சாக்ஸோடவாக்கா ஏறுவ?"

 அக்கா ஓரமாக உட்கார்ந்து கழற்றி, மடித்து என் பையில் வைத்தார்.

பாதி மலையில் படி விளிம்பு கணுக்காலில் உரசியது. பின்னால் வந்த அம்மா ஒருவர்தான், "காலுல ரத்தம் பாருங்க" என்றார். அக்காவுக்கு வலியே இல்லை. "குங்குமம் கொட்டிருச்சோன்னு பாத்தேன்" என்று சிரித்தார். மறு நிமிஷம் அது பீச்சியடித்தது. நான் அக்காவைப் படியில் உட்காரவைத்தேன். என் பச்சைத் துண்டை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். கால் தொங்கியபடியே இருந்தது. கட்டக் கட்ட அதிகமாகத்தான் வந்தது. "பயப்படாதடா, நின்னுரும்" என்று எனக்கு அக்கா தைரியம் சொன்னார். இரண்டு இளைஞர்கள் கைகோத்து உட்காரவைத்தபடியே கீழே தூக்கி வந்தார்கள். பூசக் கூட்டத்தில் வெரசா இறங்க வழியில்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் அக்காவின் பேச்சு நின்றிருந்தது. சற்று நேரத்தில் உயிரும் போய்விட்டது.

"படுக்க வச்சுக் காலத் தூக்கி அழுத்தியிருந்தா நின்னிருக்குமேங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அடக்கம் பண்ணவும் அழவும் வேலை இருந்தது. யாரோ, "முருகன் படியிலயே கூட்டிக்கிட்டான்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது.

போன மாசம் ஒரு விசேஷ வீட்டில் கொடைக்கானல் பக்கம் கூக்காலில் இருக்கும் சித்தி மகளைப் பார்த்தேன். பூண்டு உரித்துக்கொண்டே காலை நீட்டினாள். அதே பச்சைச் சுருள். ஆஸ்பத்திரி போனியா தாயி என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? அக்காவுக்குக் கெடச்ச சாவு எனக்கும் கெடைக்கட்டும். அது கொடுப்பினைண்ணே."

கூட இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.  நான் எழுதிய அந்த முதலாண்டு மலர் அவள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறதாம். இந்த மலரின் முதல் பிரதியைக் கூக்காலுக்கு நானே கொண்டு போய், அந்தப் பழையதை வாங்கி வரப் போகிறேன். ஆஸ்பத்திரிக்கும் அவளோடு கூடவே போகிறேன். இந்த முறை டாக்டர் சொல்வதற்கு வெறுமனே தலையாட்டிவிட்டு வர மாட்டேன்.

அன்று படியில் வழிவிட்ட பக்தர்களுக்கும், சுமந்த அந்த இளைஞர்களுக்கும், சேதி கேட்டு விடுதிச் சமையலறையிலிருந்து ஓடி வந்த அக்காவின் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என்னை ஒரு சுடுசொல்கூடச் சொல்லாமல் இன்றுவரை மாமா என்று கூப்பிடும் செல்விக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முருகன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவன் எதையும் கழற்றச் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் கால் நரம்பு புடைத்த எவரைக் கண்டாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். என் மானத்துக்காக எதையும் மறைக்க வேண்டாம். பாக்கியம், புண்ணியம் என்று எதையும் சேர்க்கவும் வேண்டாம். அக்காவுக்கு வைத்தியம் இருந்தது, அக்கா சம்மதித்தார், தம்பி தடுத்தான் என்று உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.