கடைசியில் நிற்க வேண்டியவர் முதலில் வந்தார்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகுண்ட ஏகாதசி காலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. வெளியே "ரங்கா, ரங்கா" என்று ஊரே போய்க்கொண்டிருக்க, நான் விரதமும் அதுவுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

திருச்சியில் ரத்ததானம் செய்கிற ஒரு குழுவின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சம்பளமெல்லாம் கிடையாது, ஆசைக்குச் செய்வது. ரத்தம் வேண்டுமென்று பதிந்தால், அந்த வகை ரத்தம் உள்ளவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து இருக்கும் தூரப்படி வரிசையாக்கி, முதலில் நிற்பவருக்குத் தானாகவே மெசேஜ் போகும். இப்படித் தானாகக் கிளம்புவதை டிரிக்கர் என்போம். அதற்கு முதல் நாள்தான் துறையூர்ப் பக்கத்து ஆட்களையும் அதில் சேர்த்திருந்தோம்.

மன்னார்புரம் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். மனைவிக்கு நிறைமாதம், திடீரென்று ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ். இருந்ததை ஏற்றியாகிவிட்டது, இன்னொரு பாட்டில் வந்தால்தான் ஆபரேஷன் என்கிறார்களாம். "உங்களைத்தான் நம்பியிருக்கேங்க" என்றார். உடனே பதிந்தேன். இனி மெசேஜ் போய்விடும் என்று நிம்மதியாகவும் இருந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அவரே. "யாருமே வரலைங்களே" என்றார். குரல் உடைந்திருந்தது.

டேட்டாபேஸைத் திறந்து வரிசையைப் பார்த்தேன். எட்டு கிலோமீட்டரில் இருக்கும் திருவானைக்காவல்காரர் கீழே நிற்கிறார். நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி துறையூரில் இருப்பவர் முதலில் நிற்கிறார். புது ஆட்களைச் சேர்த்தபோது தூரம் எண்ணாகப் பதியாமல் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. எழுத்தென்றால் கம்ப்யூட்டர் மொத்த மதிப்பைப் பார்க்காது, முதல் இலக்கத்தைத்தான் பார்க்கும். எட்டைவிட நான்கு சின்னதாயிற்றே, 45 முன்னால் போய்விட்டது. போதாக்குறைக்கு டிரிக்கர் வேறு. மெசேஜ் போனதும் 'அனுப்பியாச்சு' என்று அதுவே குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பே அதை மறுபடி கிளப்பிவிட, அந்தத் துறையூர்க்காரருக்கே மெசேஜ் மேல் மெசேஜாகப் போயிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கிக் காவிரியில் போடலாமா என்றிருந்தது.

டிரிக்கரை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆட்களை நானே கூப்பிட்டேன். திருவானைக்காவல்காரர் தங்கமான மனுஷர். "இதோ கிளம்பறேன். ஆனா நேத்திலேர்ந்து விரதம், ராத்திரி பூரா கண்ணு முழிச்சிருக்கேன். எடுத்துப்பாங்களா?" என்றார். வெறும் வயிற்றோடு, தூங்காமல் வருகிறவரிடம் எப்படி எடுப்பார்கள்? அடுத்தவர் ஸ்ரீரங்கம். அவரும் விரதம். நானே பட்டினி கிடக்கிறேன், எனக்கு இது உறைக்கவேயில்லை பாருங்கள்.

வேறு வழியில்லாமல் துறையூர்க்காரரைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே லாரி சத்தம்.

"டோல்கேட் தாண்டி பைபாஸ்ல வந்துக்கிட்டிருக்கேம்மா. போன் விடாம அடிச்சுச்சு. யாருக்கோ உயிர் போற அவசரம்னு கடையைச் சாத்திட்டு வண்டியை எடுத்துட்டேன்" என்றார்.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"வயிறு முட்ட இட்லி சாப்பிட்டாச்சு. ஏம்மா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கொடுத்த ரத்தம் நேரத்துக்குக் கிடைத்தது. தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. அந்தக் கணவர் போனில் பேச முடியாமல் விசும்பினார். துறையூர்க்காரர் ஒரு டீயைக் குடித்துவிட்டு, கடை திறக்கணும் என்று கிளம்பிவிட்டாராம்.

வரிசை சரியாக இருந்திருந்தால் மெசேஜ் திருவானைக்காவலுக்குப் போயிருக்கும். அவரும் அந்தக் கூட்டத்தில் முண்டியடித்துப் போய், ரத்தம் கொடுக்க முடியாமல் திரும்பியிருப்பார். ஒரே மெசேஜாகப் போயிருந்தால் துறையூர்க்காரர் அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கலாம். தற்செயல்தான் என்று என் தொழில்புத்தி சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

சாயங்காலமே இரண்டையும் சரிசெய்துவிட்டேன். இப்போது துறையூர்க்காரர் முறைப்படி கடைசியில்தான் நிற்கிறார். ஆனால் திரையில் அந்தப் பெயரைக் கடக்கும்போதெல்லாம், எந்தச் சன்னதியில் நிற்கிறேன் என்று தெரியாமலே என் கை கூப்பிக்கொள்கிறது.