இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு

தாராவியில் செருப்புப் பட்டறையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க சிமென்ட் தரையில் நிற்க வேண்டும் என்பதால், என் ஷூவுக்குள் நானே இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தேன். ஒரு நிமிடம்கூடப் பொறுக்காத ஆள் நான். ஒருநாள் வேலை முடிந்ததும் அதே ஷூவோடு ஜிம்முக்கு ஓடினேன்.

தோளில் எண்பது கிலோ எடைக் கம்பியோடு உட்கார்ந்து எழும்போது குதிகால் அமுங்கிக் கணுக்கால் மடங்கியது. கம்பி சாய்ந்தது. பின்னால் நின்ற நண்பன் முருகன் பாய்ந்து பிடித்துக் கத்தினான்.

“ஏல, மெத்தை மேல நின்னுக்கிட்டா வெயிட்டு தூக்குத?”

கால் வீங்கி, பத்து நாள் சும்மா கிடந்ததுதான் பெரிய தண்டனை.

இப்போது ஜிம்முக்கென்று தட்டையான கான்வாஸ் ஷூ வைத்திருக்கிறேன். பட்டறையில் செருப்பின் அடிப்பாகம் அமுங்குகிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். ஜிம்மில், ஷூவின் அடி அமுங்காமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுகிறேன்.