வாடகை ஜெனரேட்டர்

நெம்மேலி பக்கம் பட்டா இல்லாததால் மின் இணைப்பு கிடைக்காத ஒரு தெருவுக்காக, எங்கள் மூன்று ஊர்ச் சங்கங்களும் கூட்டமைப்பாகச் சேர்ந்து சோலார் நிதி கேட்டிருந்தோம். நிதி தரும் அமைப்பிலிருந்து அதிகாரியம்மா பார்வையிட வந்த மதியம், அவரோடு தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளி வருகிறாரென்று எங்கள் ஆட்கள் மைக்செட்காரரின் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு வீடு டியூப்லைட்டும் ஃபேனும் மாட்டியிருந்தார்கள்.

"கரண்ட்தான் இருக்கே?" என்றார் அதிகாரி. கையிலிருந்த பேனாவைத் திறக்கவே இல்லை.

மீன் விற்கும் அக்கா ஒருவர் முன்னால் வந்தார். "அது வாடகை ஜெனரேட்டரும்மா. உனக்கு வேர்க்குமேன்னு போட்டோம். நீ போனதும் அவுத்துகினு பூடுவாங்க."

"இப்பவே நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அக்காவின் தகர வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார் அதிகாரி. ஃபேன் நின்றது. நெற்றி வியர்வை ஃபாரத்தில் சொட்டிய பிறகுதான் அவர் பேனாவைத் திறந்தார்.