விசிலுக்கு விட்ட இடைவெளி

அவர் பார்த்த வாய்களுக்குக் கணக்கே இல்லை. முகங்கள்தான் குறைவு.

பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை ஈரத்துணியில் சுற்றி அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் ஒரு வாய் எழுந்து வரும். அந்த வாய்க்கு மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் ரோஜா நிற அக்ரிலிக்கை அழுத்தி, வேகவைத்து, உரசி, பளபளப்பாக்கி, டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவது அவர் தொழில். முப்பத்தொரு வருடமாக அதே தொழில். டப்பாவின் மேல் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எதிரே வருகிற ஆள் அவர் செய்த பல்லாலேயே அவரைப் பார்த்துச் சிரித்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

வீட்டு மாடியில் ஒற்றை அறை, அதுதான் பட்டறை. உரசும் சக்கரம் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் கீழே சமையலறையில் இருந்து மனைவி துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டு தட்டுவாள். காதில் விழாவிட்டாலும் உள்ளங்காலில் தெரியும். முதல் தட்டுக்கு அவர் இறங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மூன்றாவது தடவை தட்டும்போது கட்டையில் கோபமும் சேர்ந்திருக்கும், அப்போது வருவார்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மட்டும் கூப்பிடாமலேயே வருவார், டீக்காக. அந்த நேரத்தில் கீழே தொலைக்காட்சியில் தடயவியல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். மனைவிக்கு அது உயிர். அவள் தம்பி அதற்கென்றே வாரம் தவறாமல் வந்துவிடுவான். கொலை நடந்து விளம்பரம் வருவதற்குள் கொலைகாரனைச் சொல்லிவிட வேண்டும் அவனுக்கு. எந்த வழக்கானாலும் ஒரே பதில்தான்: கூட இருந்தவன்தான் செய்தான். நூற்றுக்கு அறுபது தடவை பலித்தும்விடும். பலிக்காத நாற்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அவர் உட்காரமாட்டார். டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சாய்ந்து நிற்பார். நின்றபடி பார்த்தால் பார்க்காத கணக்கு. ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அந்த வெள்ளைக் கோட்டுக்காரர்கள் மேல் பெரிய மரியாதை. செருப்படியில் ஒட்டிய மண்ணை வைத்து ஊரைச் சொல்கிறார்கள். ஒற்றை முடியை வைத்து வயதைச் சொல்கிறார்கள். ஆளையே பார்க்காமல் ஆளைப் பற்றி அத்தனையும் தெரிந்துகொள்கிறார்கள். தன் பிழைப்பும் ஏறக்குறைய அதுதானே என்று ஒரு நாள் நினைத்து, உடனே கூச்சப்பட்டு டீயைக் குடித்துவிட்டு மேலே போயிருக்கிறார்.

அந்த நிகழ்ச்சியின் கடைசிப் பத்து நிமிடம் பெயர் தெரியாமல் இறந்து கிடந்தவர்களுக்கு. ஒரு ஞாயிறு வந்தது, பாலத்தடியில் தூர்வாரும்போது சேற்றுக்குள் எலும்புகளாகக் கிடைத்த ஒரு மனிதர். ஆண், அறுபதை ஒட்டிய வயது, மண்ணுக்குள் எட்டிலிருந்து பத்து வருடம். அடித்ததற்கோ வெட்டியதற்கோ அடையாளம் இல்லை. ஒரு வருடமாகியும் தேடி யாரும் வரவில்லை. இந்த மாதக் கடைசியில் எண்ணோடு புதைத்துவிடுவார்கள்.

“பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு எவளோடயோ ஓடினவனா இருப்பான்” என்றான் மச்சினன். “தேடறதுக்கு ஒரு நாதி இல்ல பாரு.”

இருக்கும் என்றாள் அக்காவும், பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே.

திரையில் கையுறை போட்ட பெண் அதிகாரி ஒருவர் இடுக்கியால் ஒரு மேல்வரிசைப் பல்செட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. திருப்பினார். அவற்றுக்குப் பின்னால், நாக்கு படும் இடத்தில், சின்னப் பள்ளம். இரண்டும் செய்யும்போது நேர்ந்த குறையாக இருக்கலாம் என்றார்.

“குறையா?” என்றது வாசற்படி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நிகழ்ச்சி ஓடும்போது அந்தப் பக்கத்தில் இருந்து இதுவரை சத்தம் வந்ததில்லை.

“அது குறையில்ல. அந்த ஆளு கேட்டு வாங்கினது.”

பத்து வருடத்துக்கு முந்தைய விஷயம். ஒரு மருத்துவரிடம் இருந்து வந்த சீட்டில், முன்பல் நடுவில் இடைவெளி விடவும் என்று எழுதியிருந்தது. எவனாவது இடைவெளி கேட்பானா, எழுத்துப் பிழை என்று தானே முடிவு செய்து, பற்களை முத்துக் கோத்ததுபோல நெருக்கமாக வைத்து அனுப்பினார். திரும்பி வந்தது. இடைவெளி விட்டு அனுப்பினார். மறுபடி திரும்பி வந்தது. மருத்துவர் போனில் சலித்துக்கொண்டார்: அந்த மனுஷனுக்கு விசில் வர வேண்டுமாம், வரவில்லையாம். தொழிலில் எல்லோரும் பல்செட்டில் விசில் வந்துவிடக் கூடாதென்று மெனக்கெடுவார்கள். பேச்சில் ‘ஸ்’ வருகிறபோதெல்லாம் கீச்சிட்டால் செய்தவனுக்குக் கெட்ட பெயர். இப்படி ஒருவர் தலைகீழாகக் கேட்டதும் அவருக்கு ரோஷமாகிவிட்டது. காற்று எங்கே திரும்பும், நாக்கு எங்கே தட்டும் என்று இரண்டு நாள் யோசித்து, பின்னால் பள்ளம் சுரண்டினார். கொஞ்சம் அதிகமாகவே சுரண்டிவிட்டார், தாள்போல மெலிந்துபோனது. உள்பக்கத்தில் ஓர் ஒட்டுப் போட்டுச் சரிக்கட்டினார். நான்காம் நாள் மருத்துவர் போன் செய்து, பேச்சே இல்லாமல், போனை யாரிடமோ நீட்டினார். அந்தப் பக்கம் இருந்து ஒரு விசில் வந்தது. வேலை பார்த்த காலம் முழுவதிலும் தான் செய்த பல்லின் குரலை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் காற்று இப்போது சேற்றில் இருந்து எடுத்த ஒரு பல்செட்டுக்குள் கிடந்தது.

“பத்து வருஷம் ஆச்சேங்க. உங்க கைதான்னு எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டாள் மனைவி. “போய்ச் சொல்லி, இல்லன்னு ஆயிட்டா?”

அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. இல்லையென்று ஆகிவிட்டால் தெருவுக்கே சிரிப்பாகிவிடும். ஆனால் போகாமல் இருந்து, ஆமாம் என்பது உண்மையாக இருந்துவிட்டால், ஒரு மனிதர் எண்ணோடு மண்ணுக்குள் போவார். அவர் மாடி ஏறினார்.

பட்டறையின் பரணில் ஏழு சாக்கு பழைய பிளாஸ்டர் வார்ப்புகள் இருந்தன. தூக்கி எறியுங்கள் என்று மனைவி வருடாவருடம் சொல்லிக்கொண்டிருந்த சாக்குகள். தன் வீட்டு முற்றத்துப் பள்ளத்தை நிரப்பக் கேட்டு மச்சினன் ஒரு தடவை கோணியோடு வந்தும் நின்றிருக்கிறான். மறுநாள் காலை அவர் ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பியபோது மனைவியும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பல் இல்லாத வாய், ஒற்றைப் பல் மிஞ்சிய வாய், குழந்தையுடையதோ என்று நினைக்கவைக்கும் சின்ன வாய், ஒரு பக்கம் தேய்ந்த வாய். சுவரில் இருந்து கதவுவரை வெள்ளை வெளேரென்று வரிசை நின்றது. கால் வைக்க இடமில்லை. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இத்தனை பேர் வாய வெச்சுக்கிட்டுத்தான் நீங்க ஒத்த வார்த்தை பேசாம இருந்தீங்களா?”

கேலிதான். ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், தூங்குகிறவர்கள் நடுவில் பேசுவதுபோல.

விசில் கேட்டவரின் எண் நானூற்றுப் பன்னிரண்டு, அது அவள் கைக்குத்தான் கிடைத்தது. மூன்றாவது தடவை அனுப்புமுன் ஒட்டுப் போடும்போது பல்செட்டுக்குள்ளேயே பிளாஸ்டர் ஊற்றி எடுத்த வார்ப்பு அது. துண்டில் சுற்றி, அதன்மேல் இன்னொரு துண்டையும் சுற்றி அவளே கொடுத்தாள்.

தடயவியல் அலுவலகம் அவர் கற்பனை செய்ததுபோல நீல வெளிச்சத்தில் இல்லை. ஒரு மின்விசிறி ஆடியது, ஃபைல்கள் சரிந்து கிடந்தன. தொலைக்காட்சியில் பார்த்த அதே அதிகாரி மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். இப்படித் தினமும் நாலு பேர் வருவார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் கையில் பேனாகூட எடுக்கவில்லை.

வீட்டிலேயே அதிகம் பேசாத அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“டிவில நீங்க முன்பக்கமும் நாக்குப் பக்கமும்தான் காட்டினீங்கம்மா. மேலண்ணத்துல ஒட்டுற பக்கத்தைக் காட்டல. அந்தப் பள்ளத்துக்கு நேர் மறுபக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஒட்டு இருக்கும். நிறம் ஒரு பொட்டு வெளுத்திருக்கும். அன்னைக்குப் பழைய பாட்டில் தீந்துபோச்சு, வேற கம்பெனிது போட்டேன்.”

 அதிகாரி உள்ளே போய்ப் பல்செட் இருந்த டப்பாவை எடுத்துவந்தார். இடுக்கியால் திருப்பி, விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார்.

ஒட்டு இருந்தது. வெளுத்திருந்தது. அத்தனை வருடச் சேற்றாலும் அதைத் தொட முடியவில்லை.

வார்ப்பின் மேல் வைத்துப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். அதிகாரி தலையசைத்தார். கேட்டவர் கையுறை போட்டுக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, பல்செட்டை வார்ப்பின் மேல் இறக்கினார். ‘டக்’ என்று மிகச் சின்னதாக ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது. ஆட்டிப் பார்த்தால் ஆடவில்லை. அடுத்த மேசைக்காரர்கள் இருவர் எழுந்துவந்து பார்த்தார்கள். 

“நான் குறைன்னு சொல்லிட்டேன்” என்றார் அதிகாரி.

அதற்குமேல் எல்லாம் ஒரு வாரத்தில் நடந்தது. மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டாலும் பழைய பதிவேடுகளை வைத்திருந்தார். நானூற்றுப் பன்னிரண்டுக்கு ஒரு பெயரும் முகவரியும் தொழிலும் கிடைத்தன. லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருடத்துக்கு முன், பெருமழையில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடிய ஒரு மாலை, வேலை முடிந்து கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. ஒரு மகள். அவள் ரத்த மாதிரியும் பொருந்தியது.

அந்த மகள் ஒரு நாள் படியேறி மாடிக்கே வந்தாள். நாற்பதை நெருங்கிய பெண். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ எடுத்துவரக் கீழே போனாள். வந்தவள் நன்றி சொல்லவில்லை, அழவும் இல்லை. வார்ப்புகளையும், மெழுகுக் கத்தியையும், சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பிறகு சொன்னாள்: “எங்கம்மா சாகிற வரைக்கும் ஊர்ல ஒரே கேள்விதான் சார். எவளோட போனார்னு. நானும் ஒரு கட்டத்துல நம்பிட்டேன். அந்தப் பாலத்துல இருந்து எங்க வீடு எட்டு நிமிஷ நடை. வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்திருக்கார்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டீயில் நனைத்த பிஸ்கட்டோடு மனைவி சொன்ன ‘இருக்கும்’ ஒன்று கீழே மிச்சமிருந்தது.

நாலாவது மாடியில் வீடு என்றாள். ஊரெல்லாம் லிஃப்டைப் பழுது பார்த்த மனிதருக்குத் தன் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கீழே நின்று ஒரு விசில் அடிப்பார். பையைத் தூக்க இவள் இறங்கி ஓட வேண்டும். பல் போனதும் விசில் போயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், ஆறு வீட்டு ஜன்னல் திறந்ததாம். அதனால்தான் அந்த இடைவெளியைக் கேட்டு அடம்பிடித்தார்.

“நீங்க அதைக் கேட்டிருக்கீங்களா சார்?”

“ஒரே ஒரு தடவை. போன்ல.”

“எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

அவருக்கு விசிலடிக்க வராது. வாயைக் குவித்துப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. கையைத் தூக்கிக் காற்றில் காட்டினார்: குட்டையாக ஒன்று, இன்னொன்று, பிறகு நீளமாக மேலே ஏறிப் போய் அந்தரத்திலேயே நிற்பது.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். அப்போதுதான் அவர் பார்த்தார். இரண்டு முன்பற்களுக்கு நடுவே அதே இடைவெளி. மெழுகில் அரை மில்லி அரை மில்லியாக அவர் தேடிக்கொண்டிருந்ததை இவள் பிறக்கும்போதே கொண்டுவந்திருக்கிறாள். அவள் நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்து விசிலடித்தாள். குட்டையாக ஒன்று, இன்னொன்று, பிறகு அந்த நீளமானது. அறையில் இருந்த அத்தனை வெள்ளை வாய்களும் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தன.  படியில் டீயோடு ஏறிக்கொண்டிருந்த மனைவி பாதியிலேயே நின்றுவிட்டாள்.

நிகழ்ச்சிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். அவரை நான்கு தடவை சாக்கில் இருந்து வார்ப்பை எடுத்து ஆச்சரியப்படச் சொன்னார்கள். அவருக்கு வரவில்லை, கடைசியில் கையை மட்டும் படமெடுத்துக்கொண்டு போனார்கள். மகளை விசிலடிக்கச் சொன்னபோது அவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு வரி மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாளாம்.

ஞாயிறு மூன்று மணிக்கு அவர் அன்று உட்கார்ந்து பார்த்தார். அவர் கை நான்கு நொடி வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக நடித்தவனுக்கு இடைவெளியே இல்லாத விளம்பரப் பல். கடைசியில் அந்த அதிகாரி கேமராவைப் பார்த்து அந்த வரியைச் சொன்னார்: பல்லில் இருந்த இடைவெளி குறை அல்ல, மகளைக் கூப்பிடுவதற்காக அவரே கேட்டு வாங்கியது.

மச்சினன் அன்று யாரையும் கொலைகாரன் என்று சொல்லவில்லை. டீ ஆறிப்போனது என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் மதியம் அவர் சக்கரத்தில் ஒரு கீழ்வரிசையை உரசிக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் தட்டு தெரிந்தது. இரண்டுதான், முதல் தடவை. சக்கரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அடுத்த தட்டுக்குக் கட்டையை ஓங்கிக்கொண்டிருந்த மனைவி, சமையலறை வாசலில் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“உடம்புக்கு ஏதாவது பண்ணுதாங்க?” என்றாள்.