மல்சூன் பெயரில் ஒரு ஓட்டை

ஓக் மல்சூனை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும்தான். கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் அவள் பக்கத்திலேயே வருடக்கணக்காக வெல்டிங் அடித்தேன். ஒரு நாளாவது முகம் கொடுத்துப் பேசியிருப்பாளா? கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கினால் காற்றுக்குழாயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். கேட்டால், புகை உனக்கென்ன புதுசா என்பாள். புருஷன் செத்த மறு வாரமே வெல்டிங் முகமூடியோடு வந்து நின்றவள். ஐயோ பாவம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அவ்வளவு திமிர்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. வெல்டிங் அடித்தவர் பெயரைப் பக்கத்திலேயே பெயிண்டுப் பேனாவால் எழுதவேண்டும், அது தளத்து வழக்கம். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்; வெல்டிங்கில் ஓட்டை தெரிந்தால் காலை உடற்பயிற்சி முடிந்ததும் எல்லார் முன்னாலும் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டால் வேலை போச்சு. மல்சூன் பெயரை யாரும் கூப்பிட்டதே இல்லை.

ஒரு நாள் காலையில் பியோ மேஸ்திரி அவள் பெயரைக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே கூப்பிட்டார், அந்த மனுஷன்.

அவள் நேராக ஓட்டை தெரிந்த தகட்டுக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். அவள் பெயர்தான் எழுதியிருந்தது. அடியில் எதையோ துடைத்த கறை. வெல்டிங்கைப் பார்த்ததுமே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மல்சூன் இடது கைக்காரி, வலமிருந்து இடமாக அடிப்பாள். அவள் வரியில் பிறைப் பிறையாக விழும் வளைவு எங்களுக்கு நேர்மாறாக இருக்கும். இதில் அப்படி இல்லை. இந்தத் தகட்டில் நின்று அடித்தவன் மேஸ்திரியின் மச்சினன் தூசிக், நாங்களே பார்த்தது. அவன் பெயரை ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. அவனைக் காப்பாற்ற, இத்தனை பேரில் ஒரே இடது கைக்காரியின் தலையில் கட்டியிருக்கிறார் மேஸ்திரி. மூளை கெட்ட ஜென்மம்!

இந்த வெல்டிங்கைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி அடி என்றார் மேஸ்திரி. தோண்டினால் வளைவு போய்விடும், பெயர் மட்டும் நிற்கும். அவள் தகட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தோண்டுறேன் மேஸ்திரி. முதல்ல என் பேரை அழிங்க. யாரு பேரு இருந்துச்சோ அதை எழுதுங்க."

"உன் இடத்துக்கு வெளிய எத்தனை பேரு நிக்கிறாங்க தெரியுமா?"

"நிக்கட்டும். நீங்க அழிங்க."

தூசிக் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அழிங்க மேஸ்திரி. இது அவ கை இல்லைன்னு குருடனுக்குக்கூடத் தெரியும்," என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உன்னை யாராவது கேட்டாங்களா?"

எல்லார் கண்ணும் அந்த வளைவிலேயே நிற்பதைப் பார்த்த மேஸ்திரி, தின்னரில் துணியை நனைத்து அவள் பெயரைத் தன் கையாலேயே துடைத்தார். மச்சினன் பெயரை எழுதினார். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்து முகமூடியை மாட்டினாள். அவன் அடித்த குப்பையைத் தோண்டி எறிந்து, வலமிருந்து இடமாகப் புதிதாக அடித்து, தன் பெயரை எழுதினாள்.

தூசிக் அன்றே போனான். மாதக் கடைசியில் அவளையும் நிறுத்தினார்கள். வாசலில் வழிமறித்து, இந்தத் தீவில் எந்தத் தளத்திலும் உனக்கு வேலை கிடைக்காது, எல்லாருக்கும் போன் பண்ணுவேன் என்று கறுவினார் மேஸ்திரி.

"பண்ணுங்க. வாயாடின்னு சொல்லுங்க, ராங்கிக்காரின்னு சொல்லுங்க. வேலையில ஓட்டைன்னு மட்டும் உங்க வாயால சொல்ல முடியாது."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.