எல்லாரும் சொன்ன பெயர்

வைண்டிங்காரர் யாரையும் லேசில் நம்பியவர் இல்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கம்பிச்சுருள் சுற்றிக் கட்டுவது அவர் தொழில். 'தானா நின்னுபோச்சு' என்று மோட்டாரைத் தூக்கிவரும் ஒவ்வொருவரும் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் முடிவு. பல நேரம் அது உண்மையாகவும் இருந்துவிட்டதால், அந்தக் குணம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

ஆனாலும் தெருவில் ஒன்று என்றால் ஆட்கள் வந்து நிற்பது அவர் கடை வாசலில்தான். விளக்கு எரியவில்லையா, குழாயில் கலங்கலாக வருகிறதா, நகராட்சி அலுவலகத்தில் போய்க் கால்கடுக்க நிற்பவர் அவர். ஒருமுறை குப்பை வண்டி ஏன் வருவதில்லை என்று கேட்டுவிட்டு வந்தார். மறுவாரமே நகராட்சி ஆட்கள் வந்து, கடையின் பெயர்ப்பலகை தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கழற்றிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து வேலையைச் செய்வார், பெயரை மட்டும் வெளியே விடமாட்டார்.

அந்த வருஷம் தெருவுக்கு வாய்த்த தலைவலி, ஒரு சாக்கடை மூடி. அதைத் திறந்து அடைப்பெடுத்தால்தான் கழிவுநீர் ஓடும். மூடியின் மேலேயோ எதிர்வீட்டுக்காரனின் சரக்கு வேன் நின்றது. திருப்ப இடமில்லாத தெரு என்பதால் பின்பக்கமாகவே வண்டியை ஓட்டிவருவான். அதனால் அவனுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். துப்புரவு ஆட்கள் வருவார்கள், வேனைப் பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள். வண்டியை எடு என்றால், "என் வீட்டு வாசல்ல நிறுத்தறேன், உங்க வீட்டு வாசல்லயா நிறுத்தறேன்?" என்பான். தெருவின் பள்ளமான முனையில் இருந்த வைண்டிங்காரர் வீட்டுக் குளியலறையில் அழுக்குத்தண்ணீர் பொங்கியது. அவர் மனைவி செங்கல் போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு பெண் வீடு வீடாக வந்தாள். மக்களும் நகராட்சியும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாளாம். தெருவில் பிரச்சினை என்றால் முதலில் யாரிடம் போவீர்கள் என்பது அவள் கேள்வி.

வைண்டிங்காரருக்குப் பொறி தட்டியது. முன்பு பலகை போயிற்று, இப்போது கடையே போகும் என்று கணக்குப் போட்டார். அவள் தெருக்கோடியில் இருக்கும்போதே வீடு வீடாகப் போய், தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று கண்டித்துச் சொன்னார். அப்படியானால் யாரைச் சொல்வது என்று பெட்டிக்கடை அம்மா கேட்டார்.

"யார் மாட்டினா உங்களுக்குக் கவலை இல்லையோ, அவன் பேரைச் சொல்லுங்க."

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ரிவர்ஸ் வீட்டுக் கதவை மட்டும் அவர் தட்டவில்லை.

சில மாதங்கள் கழித்து நகராட்சிக் கூடத்துக்குத் தெருவையே அழைத்தார்கள். திரையில் ஒரு படம். ஆளுக்கு ஒரு வட்டம். யார் யாரைச் சொன்னார்களோ அவர்களை நோக்கி ஒரு கோடு. கிட்டத்தட்ட எல்லாக் கோடுகளும் நடுவிலிருந்த ஒரே பெரிய வட்டத்தில் போய் விழுந்தன. ஒரு மனிதர் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த தெருவைத் தான் பார்த்ததே இல்லை என்று அந்தப் பெண் நெகிழ்ந்து பேசினாள். ஆணையர் எழுந்து, புதிய மக்கள் குழுவில் இந்தத் தெருவின் பிரதிநிதி அவர்தான் என்று அறிவித்து ரிவர்ஸை மேடைக்குக் கூப்பிட்டார்.

பொய் சொன்னோம் என்று யார் எழுந்து சொல்வது? குளியலறையில் இனிச் செங்கல்தான் என்று வைண்டிங்காரரின் மனைவி முணுமுணுத்தார். ரிவர்ஸ் மேடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வைண்டிங்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய வட்டத்திலிருந்து ஒரே ஒரு கோடு வெளியே புறப்பட்டு, ஓரத்திலிருந்த சின்ன வட்டத்துக்குப் போனது. அது அவருடைய வட்டம். தெருவில் அவர் பெயரைச் சொன்ன ஒரே ஆள் ரிவர்ஸ். 'நாம அவனை மாட்டிவிடப் பார்த்தோம், அவன் நம்மை மாட்டிவிட்டிருக்கான்' என்று அவருக்குத் தோன்றியது.

மாலையில் ரிவர்ஸ் கடைக்கு வந்தான்.

"அண்ணே, நீங்களுமா என் பேரைச் சொன்னீங்க?"

"நீ எதுக்கு என் பேரைச் சொன்ன? அதைச் சொல்லு முதல்ல."

"இது என்ன கேள்வி? அப்பா மயங்கி விழுந்தப்ப உங்ககிட்டதானே ஓடிவந்தேன். அந்தப் பொண்ணு கேட்டா, உள்ளதைச் சொன்னேன்."

எதற்கு அடி போடுகிறான் என்று அவன் முகத்தில் தேடினார். ஒன்றும் பிடிபடவில்லை. உன்னை நம்பித்தான் சொன்னோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இப்போதிருக்கும் குஷியில் வேனைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஆனாலும் அவர் கையிலிருந்த மோட்டாரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மாட்டிக்கட்டும்னுதான் சொன்னேன். எல்லாரையும் சொல்லச் சொன்னதும் நான்தான்."

ரிவர்ஸ் பெஞ்சில் கிடந்த கம்பித் துண்டை எடுத்து வளைத்தான், நிமிர்த்தினான், வைத்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலையில் மூடியின் மேல் வேன் இல்லை. இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தான். வைண்டிங்காரர் அந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இதில் ஏதோ சூது இருக்கிறது என்றார். துப்புரவு ஆட்கள் வந்து மூடியைத் திறந்தார்கள். அவர் மனைவி செங்கற்களைக் கழுவி வெளியே அடுக்கினார்.

அதன்பிறகு ஒவ்வொரு குழுக் கூட்டத்துக்கு முன்னும் என்ன பேச வேண்டும் என்று ரிவர்ஸ் கடையில் வந்து கேட்டுக்கொண்டு போனான். வைண்டிங்காரர் எல்லாம் சொல்லிக்கொடுப்பார். அவன் தலை மறைந்ததும், பழி வாங்க நேரம் பார்க்கிறான் என்பார். வருஷங்கள் ஓடின. அப்படி ஒரு நேரம் வரவே இல்லை.

கடைசியாக அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அந்த வேனில்தான். பின்னால் பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். வண்டி குலுங்காமல் ஊர்ந்து போயிற்று. அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே கேட்டார்:

"இவன் என்ன கணக்குல இவ்வளவு மெதுவா ஓட்டறான்?"

"ஒரு கணக்கும் இல்லைங்க. உங்களுக்கு வலிக்கக்கூடாதுன்னு ஓட்டறான்."

அவர் தலையை லேசாகத் திருப்பி, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே தெரிந்த அந்தப் பிடரியை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே போனார்.