மடியில் வைத்த சீட்டு

தரை தெரியாதபோது விமானி கருவிகளை நம்பித்தான் இறங்குவார். இறங்குமுன் வழி முழுவதையும் வாய்விட்டுச் சொல்வார். உடனிருப்பவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். யுத்த காலத்தில் சரக்கு விமானமொன்றில் வயர்லெஸ் பார்த்த எனக்கு அது அன்றாடப் பழக்கம். எங்கள் விமானி தேவதானப்பட்டிக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் போடிக்காரன்.

அன்று மதியம் கீழே ஒரே மழைமேகம். என் வாயில் வெற்றிலை.

“அண்ணே, போடிக்காரக வெத்தலைய முழுங்கிறாம கேளுங்க,” என்று தொடங்கினார். “வடக்க பாத்து இறங்குறோம். நானூறு அடி வரைக்கும் போவோம். அங்கன தரை தெரியலன்னா மேல ஏறி இடப்பக்கம் திரும்பிருவோம்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்து புதிய காற்றழுத்த எண் வந்தது. முந்தையதைவிட ஐந்து மில்லிபார் குறைவு. உயரமானியை அதற்கேற்பத் திருப்பாவிட்டால் முள் நூற்றைம்பது அடி கூடுதலாகக் காட்டும். எண்ணைச் சீட்டில் எழுதி அவர் மடியில் வைத்தேன். பேசி முடித்த பிறகாவது சொல்லியிருக்கலாம். பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

ஓடுபாதைக்கு முன்னிருந்த குன்றின் மரங்களில் மோதினோம். நாங்கள் நால்வரில் அவர் மட்டும் இறந்தார். எனக்குக் கால் முறிந்தது.

விசாரணையில், “எண்ணைக் கொடுத்தீர்களா?” என்று கேட்டார்கள். “கொடுத்தேன்” என்றேன். விமானியின் பிழை என்று எழுதினார்கள்.

நான்கு மாதம் கழித்து, கைத்தடியுடன் தேவதானப்பட்டிக்குப் போனேன். அவருடைய தகப்பனார் களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

“சீட்ட வச்சீக. வாயால சொல்லலியா?”

“சொல்லல.”

“நாலு மாசமா ஊருக்குள்ள என்ன பேசுறாக தெரியுமா? படிச்ச திமிருல நாலு உசுரோட வெளையாண்டான்னு பேசுறாக. அவன் ஆத்தா தண்ணிக்குக்கூட வெளிய போறதில்ல.”

அவர் குனிந்து கடலையைக் கிளறிவிட்டார்.

“மேலிடத்துக்கு எழுதுவீகளா?”

“எழுதிக் கொண்டாந்திருக்கேன். இன்னைக்கே தபால்ல சேத்துருவேன்.”

“வேலை போகுமே.”

“போகும்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “தபால் பெறகு. மொதல்ல கடைவீதிக்கு வாங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க.”

அவர் முன்னால் நடந்தார். என் காலுக்காக நடையைக் குறைக்கவில்லை. தேநீர்க் கடை வாசலில் ஏழு பேர் இருந்தார்கள். படித்தேன். பிழை அவர் மகனுடையதல்ல என்று பெயர் சொல்லி எழுதியிருந்த இடத்தில் என்னை நிறுத்தி, “அந்த வரிய மறுக்கா படிங்க,” என்றார்.